மைக்செட்டுக்காரன் கிட்டார் வாங்கப் போன கதை

எனக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஜி, சி, டி என்று மூன்று கார்டு (சுரக்கூட்டு) பிடிப்பேன், அதோடு சரி. ஆனால் குமரி மாவட்டத்தில் திங்கள்நகர் பக்கம் மைக்செட் போடுகிறவன் என்பதால், மேடைச் சத்தங்களைக் கலக்கும் என் மிக்ஸருக்குள் வந்து போகாத எலக்ட்ரிக் கிட்டார் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. மண்டைக்காட்டு மாசிக் கொடை நேரத்தில் மெல்லிசைக் கச்சேரி, கடற்கரைப் பங்குகளில் (தேவாலய வட்டாரங்களில்) பத்து நாள் திருவிழா, டிசம்பர் வந்தால் தெருத்தெருவாக கரோல், நடுநடுவே கல்யாண வீடு. வாசிக்கிறவருக்குத் தன் கிட்டாரின் நல்ல குணங்கள் தெரியும். எனக்கு அதன் நோய்கள் தெரியும். எந்த ஜாக் (வயர் செருகும் துளை) கரகரக்கும், எந்த பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) இரையும், யாருடைய கிட்டார் இரண்டாவது பாட்டிலேயே சுருதி விலகும் என்பதை ஹெட்போனில் முதலில் கேட்கிறவன் நான்தான்.

அதனால் அக்கா மகனுக்கு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர்கள் வீடு குளச்சல் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரம். அத்தான் குவைத்தில். பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், பங்குப் பாடகற்குழுவில் ஒரு பழைய அக்கூஸ்டிக் கிட்டாரை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தான். வாட்ஸ்அப்பில் அத்தானின் குரல் வந்தது: "மக்கா, 25,000 அனுப்பியிருக்கேன். கிட்டாரு, வயரு, பாக்ஸ் எல்லாம் இதுக்குள்ள முடிச்சிரணும், கேட்டியா?"

பையன் அதற்கு முன்பே யூடியூப் பார்த்து முடிவெடுத்திருந்தான். கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் கூரான கொம்பு, ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ், அதாவது உடல்பக்கம் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி. நான் முதலில் வேண்டாம் என்று சொன்னது அந்த பிரிட்ஜைத்தான். கம்பியை இரண்டு முனையிலும் திருகி இறுக்கி, பிரிட்ஜை ஸ்பிரிங்கின் இழுவையில் மிதக்க விடுகிற அமைப்பு அது. கத்தி முனைபோல் செதுக்கிய இரண்டு ஓரங்களின்மேல் அது ஆடுகிறது. நல்ல எஃகில் செய்திருந்தால் எவ்வளவு அமுக்கி ஆட்டினாலும் பழைய இடத்துக்கே திரும்பும். விலை குறைந்த கிட்டாரில் அந்த ஓரம் மெத்தென்ற உலோகத்தில் இருக்கும், சீக்கிரம் மழுங்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங்கின் இழுவை மாறி மற்ற ஐந்தும் சுருதி விலகும். திருவிழா மேடையில் பாட்டுக்கு நடுவே அப்படி நடந்து, வாசித்த ஒரு பையன் ஆலன் கீயை (திருகாணி திருப்பும் வளைந்த சாவி) தேடிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"பின்னே எது வாங்கணும் மாமா?"

"பாத்துட்டுச் சொல்லுதேன்லே. கையில எடுத்துப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது."

நாங்கள் தேடிய சமயத்தில் விலை நிலவரம் ஏறக்குறைய இப்படி இருந்தது. ஆன்லைனில் பத்தாயிரத்துக்குக் கீழே கிட்டார், கையளவு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), பை, பெல்ட், கம்பி மீட்டும் பிக் எல்லாம் ஒரே பெட்டியில். பதினைந்துக்கு மேல் போனால் ஸ்குவையர், இபனெஸ் ஜியோ, கோர்ட், யமஹா பசிஃபிகா என்று தெரிந்த பெயர்களின் தொடக்க மாடல்கள். இருபத்தைந்து, முப்பது ஆயிரத்தில் அதே பெயர்களின் அடுத்த படி.  அதற்கு மேல் வானம்தான். அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் வேண்டும் என்றால் லட்சத்தைத் தாண்ட வேண்டும்.

இங்கே எங்கள் தொழில் சம்பந்தமான ஒரு செய்தி சொல்லிக்கொள்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமை. அந்த ஃபெண்டரை உருவாக்கிய லியோ ஃபெண்டர் இசைக்கலைஞர் இல்லை, கிட்டார் வாசிக்கவும் கற்றுக்கொள்ளவில்லை. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். ஆம்ப்ளிஃபயர் செய்வார், கூட்டங்களுக்கு ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுவார். அதாவது மைக்செட்டுக்காரர்! பழுது பார்க்கிறவனின் புத்தியோடுதான் அவர் கிட்டாரையும் யோசித்தார். உடல் ஒரு பலகை, விரல் ஓடும் நீண்ட கழுத்தான நெக் தனி, இரண்டையும் சேர்க்க நான்கு திருகாணி. நெக் கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். 1951இல் டெலிகாஸ்டர் என்ற பெயரில் வந்ததும் 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரும் இந்தக் கணக்கில் பிறந்தவை. வயலினைப்போலக் குடைந்து, வளைத்து, ஒட்டி மாதக்கணக்கில் செய்கிற பொருளே இல்லை அது. ஆரம்பத்திலேயே தொழிற்சாலையில் நிறையச் செய்வதற்காகப் போட்ட வடிவம். இன்று கம்ப்யூட்டர் ஓட்டுகிற இயந்திரம் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் அதே பலகையை அதே அளவில் வெட்டித் தள்ளுகிறது. சுரபயாவில் இருக்கும் கோர்ட் தொழிற்சாலையில் கோர்ட்டுக்கு மட்டுமல்லாமல் வேறு பெரிய பெயர்களுக்கும் கிட்டார் செய்கிறார்கள்.

அப்படியானால் விலை ஏன் இவ்வளவு ஏறி இறங்குகிறது? இயந்திரம் வெட்டி முடித்தபிறகு மனிதக் கை தொடுகிற இடங்கள் சில இருக்கின்றன. நெக்கில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளைச் சமமாக ராவுவது, அவற்றின் முனைகளை உருட்டுவது, தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட்டு என்ற சிறு பட்டையில் கம்பிக்கேற்ற ஆழத்தில் காடி அறுப்பது. இதற்கெல்லாம் நேரம் வேண்டும், நேரத்துக்குக் கூலி வேண்டும். மலிவான கிட்டாரில் முதலில் வெட்டு விழுவது இந்த நேரத்தில்தான். அடுத்தது உலோகச் சாமான்கள்: சுருதி கூட்டத் திருப்பும் கீ, பிரிட்ஜ், சுவிட்ச், ஜாக். மரமும் பெயின்ட்டும் பற்றித்தான் ஜனங்கள் அதிகம் பேசுவார்கள். பாப்ளர், பாஸ்வுட், ஆல்டர் என்று உடல் மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடும் வீடியோக்களை மருமகன் எனக்கு அனுப்பினான். என் மிக்ஸரில் அந்த வித்தியாசம் எனக்குக் கேட்டதில்லை. வாசிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

கூலியில் மிச்சம் பிடிப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. எல்லா உருப்படிக்கும் ஒரே அளவு கவனம் கிடைப்பதில்லை. ஒன்று நன்றாக அமைந்துவிடும், பக்கத்தில் இருப்பது சொதப்பியிருக்கும். கூடுதல் விலை கொடுத்தால் நாம் வாங்குவது பெரும்பாலும் ஒரு நிம்மதி: கண்ணை மூடிக்கொண்டு எதை எடுத்தாலும் மோசமானது கையில் சிக்காது என்ற நிம்மதி. கண்ணைத் திறந்துகொண்டு எடுக்க ஆளும் பொழுதும் இருந்தால், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை மிச்சம் பிடிக்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் தெரிந்தது இவ்வளவுதான். இதை அக்காவிடம் சொன்னபோது அவள் உடனே பிடித்துக்கொண்டாள். "அப்போ மீனு வாங்குத மாதிரிதான். வெலையா கேக்கணும்? செவுளத் தூக்கிப் பாக்கணும்."

நாகர்கோவிலில் பார்த்த கடைகளில் அக்கூஸ்டிக்கும் கீபோர்டும் நிறைய இருந்தன. எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றிரண்டு, அதுவும் உயரத்தில் பிளாஸ்டிக் உறையோடு. இறக்கித் தரச் சொன்னால் "வாங்குறீங்களா?" என்று முதலில் கேட்கிறார்கள். நியாயம்தான், ஆனால் எங்களுக்கு ஒத்துவராது. ஆகவே இரணியலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போனோம். அங்கே ஒரு கடையில் சுவர் முழுக்க கிட்டார், நடுவில் ஆம்ப், உட்கார ஸ்டூல். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தோள் பையில் நான் கொண்டுபோனது சுருதி காட்டும் ட்யூனர், ஒரு நல்ல கேபிள், ஒரு விசிட்டிங் கார்டு.

பையனிடம் முதலில் வயரைச் செருகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எலக்ட்ரிக் கிட்டாரை வயர் இல்லாமல் வாசித்தால் மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் குறைகள் ஒளிய முடியாது. கடைக்காரப் பையன்கள் பழக்கத்தில் உடனே ஆம்பைப் போட்டு, எக்கோவைக் கூட்டி, சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றி விடுவார்கள். அதில் எல்லாமே கச்சேரிதான்.

இருபதாயிரத்துக்குச் சற்றுக் கீழே விலையுள்ள ஒரு மாடல் பையனுக்குப் பிடித்தது. பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் இதைப் படிக்கிற நீங்கள் நாளைக்கே அதை ஆன்லைனில் ஆர்டர் போடுவீர்கள், உங்கள் வீட்டுக்கு வருவது வேறு உருப்படியாக இருக்கும். அந்த மாடலில் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. மருமகன் நீலத்தைத் தூக்கினான்.

நெக்கின் ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுக்கச் சொன்னேன். ஐந்தாவது ஃப்ரெட்டைத் தாண்டும்போது கையை உதறினான். ஃப்ரெட் முனைகள் சில இடத்தில் தோலைப் பிராண்டும் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தன. மரம் காய்ந்து சுருங்கினாலும் இப்படி ஆகும், முனையை ராவாமல் விட்டாலும் ஆகும். எதுவானாலும் வாசிக்கிறவன் விரலுக்குத்தான் கேடு. பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி ஒருமுறை தட்டச் சொன்னேன். மூன்றாவது கம்பியில் பதினான்காவது ஃப்ரெட்டில் 'ஸ்ஸ்ர்' என்று ஒரு இரைச்சல், அடுத்த ஃப்ரெட் கொஞ்சம் எழும்பி நின்று கம்பியைத் தொடுகிறது. மெல்லிய கம்பியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் வளைத்து மேலே தள்ளினால் சத்தம் பாதியில் செத்துப்போனது.

வெள்ளையை இறக்கினோம். அதே மாடல், அதே விலை, பெட்டியில் அதே ஸ்டிக்கர். நெக்கில் விரல் தடையின்றி ஓடியது. முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலும், நெக் உடலோடு சேருமிடத்தில் இன்னொரு விரலுமாகத் தடித்த கம்பியை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நடுவில் ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தேன். கார்டு உரசிக்கொண்டு போனது. அந்த அளவு வளைவு நெக்கில் இருக்க வேண்டும். சுத்தமாக நேராக இருந்தாலும் இரையும், வில்லாக வளைந்திருந்தால் விரல் வலிக்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது, பழைய அக்கூஸ்டிக்கில் பாதிகூட இல்லை. அப்புறம் ட்யூனரை மாட்டி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின்மேல் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் ஒப்பிட்டோம். ஐந்து கம்பிகளில் ஒத்துப்போனது. ஒன்றில் சிறு விலகல், அது பிரிட்ஜில் திருகாணியைத் திருப்பினால் சரியாகிற சங்கதி.

கடைப்பையன் எங்கள் சோதனையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். "ரெண்டும் ஒண்ணு தன்னே, சேட்டா."

அவன் கையில் இரண்டையும் கொடுத்து விரலை ஓட்டச் சொன்னேன். அவனும் வாசிக்கிறவன்தான் போலிருக்கிறது. நீலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான், பிறகு அது சுவரில் காணவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க முப்பதாயிரத்தை ஒட்டிய ஒரு மாடலையும் கேட்டோம். அதிலும் வேறு வேறு நிறத்தில் மூன்று. மூன்றிலும் நெக் ஓரம் ஒரே மாதிரி வழுவழுப்பு, கீ திருப்பினால் ஒரே மாதிரி இறுக்கம். கண்ணைக் கட்டிக்கொண்டு எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். நான் சொன்ன நிம்மதி இதுதான். வெள்ளையோடு வைத்துப் பார்த்தால் வாசிக்கும் சுகத்தில் இடைவெளி பெரிதில்லை. பிக்கப்பில் இருந்தது, உலோகத்தில் நிச்சயம் இருந்தது.

கடைப்பையனுக்கு எங்கள்மேல் பிரியம் வந்துவிட்டது. கண்ணாடி அலமாரியைத் திறந்து ஓர் அமெரிக்க ஃபெண்டரை எடுத்துக் கொடுத்தான். நெக்கின் விளிம்பை வருஷக்கணக்கில் யாரோ கை வைத்துத் தேய்த்து மழுக்கியதுபோல் உருட்டியிருந்தார்கள். மருமகன் பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அதே ஆம்ப், அதே கேபிள், எஃபெக்ட் இல்லாத சுத்தமான சத்தம். வெள்ளையைவிட நன்றாக இருந்தது. பத்து மடங்கு நன்றாக இருந்ததா என்றால் இல்லை. கூடிப்போனால் இரண்டு மடங்கு என்பேன், அதில் பாதியும் வாசிக்கிறவன் கைக்குத் தெரிவது, கேட்கிறவன் காதுக்கு வருவது கொஞ்சம்தான். திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் வழியாகப் போனால் அந்தக் கொஞ்சமும் நஞ்சமும் கடற்கரை மணலில் கரைந்துவிடும்.

வயரைச் செருகியபிறகு பார்த்தது பிக்கப். வெள்ளையில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றைச் சுருள். இந்தக் கலவையை நான் வேண்டுமென்றே கேட்டேன், காரணம் சீரியல் லைட். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். கிட்டார் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற அதே சுருள், பக்கத்தில் ஓடுகிற கரன்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் பிடிக்கும். திருவிழா மேடையில் தலைக்கு மேலே ஆயிரம் பல்பு மின்னி மின்னி அணையும், பின்னால் ஜெனரேட்டர். ஒற்றைச் சுருள் கிட்டாரில் அது 'டர்ர்... டர்ர்...' என்று தாளத்தோடு கேட்கும். 1955இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்தத்தையும் எதிராகத் திருப்பி வைத்தால் கம்பியின் ஒலி கூடும், கரன்ட் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அதுதான் ஹம்பக்கர். ஒற்றைச் சுருளின் பளீரென்ற சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் குளச்சல் பக்கம் திருவிழாவுக்கு வாசிக்கப்போகிறவனுக்கு ஒரு ஹம்பக்கராவது இருந்தே தீர வேண்டும்.

கடலைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊரில் தரத்தைப் பற்றிப் பேச முடியாது. மார்த்தாண்டத்திலோ குலசேகரத்திலோ ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் ஒரு கிட்டார் பத்து வருஷம் புதிதாகவே இருக்கலாம். குளச்சலிலும் முட்டத்திலும் ஜன்னல் கம்பியே எத்தனை வருஷம் தாங்கும் என்று அங்கே வீடு கட்டினவர்களைக் கேளுங்கள். ஒரு கடற்கரைப் பங்கில் மலிவுப் பெட்டியில் வந்த கிட்டார் ஒன்றைச் சரிசெய்யக் கொடுத்தார்கள். கம்பி உயரத்தைக் குறைக்க பிரிட்ஜில் இருக்கும் குட்டித் திருகாணிகளைத் திருப்பப் பார்த்தேன். ஆறு கம்பிக்கும் சேர்த்துப் பன்னிரண்டு திருகாணி. நான்கு மட்டும் அசைந்தன. மீதி துருவோடு ஒன்றாகிவிட்டன. ஆலன் கீ உள்ளேயே வழுக்கி, குழியை வட்டமாக்கிவிட்டது. ஜாக்கின் உள்ளே பச்சைப் பூஞ்சைபோலக் களிம்பு. கிட்டாருக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. நெக் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வருத்தம். புது பிரிட்ஜும் ஜாக்கும் கீக்களும் போட்டால் கிட்டார் வாங்கிய விலை வந்துவிடும்.

ஆகவே வெள்ளையை பில் போடச் சொல்வதற்கு முன் பிரிட்ஜைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். முலாம் பூச்சு ஒரே சீராக இருக்கிறதா, திருகாணிகள் பொருந்தி உட்கார்ந்து சுழல்கின்றனவா, கீக்கள் எண்ணெய் அடைத்த மூடின வகையா. முப்பதாயிரம் மாடலை வாங்கியிருந்தால் இந்தக் கவலை குறைவு. கடற்கரையில் இருப்பவருக்கு, பராமரிக்கச் சோம்பலாகவும் இருந்தால், அந்தக் கூடுதல் பணம் வீண்போகாது என்பேன். எங்கள் வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் இருக்கிறது, என் தொல்லையும் இருக்கிறது. மாதம் ஒருமுறை பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எடுத்துத் திருகாணிகளைத் தொட வேண்டும், மரத்தில் படக்கூடாது. வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துணியால் துடைக்க வேண்டும். பூச்சுப் போட்ட கம்பிகள் விலை கூடுதல், சாதாரணக் கம்பியைப்போல இரண்டு மூன்று பங்குகூட வரும். உள்நாட்டில் இருப்பவர்களுக்கு அது ஆடம்பரம், கடற்கரையில் கணக்குப் பார்த்தால் லாபம்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் பையன்கள் வெளிநாடு போகும்போது நல்ல கிட்டார்களை விற்பார்கள். ஒருவரிடம் பெரிய பெயருள்ள கிட்டார் எங்கள் பட்ஜெட்டுக்குள்ளேயே கிடைத்தது. முதல் நான்கைந்து ஃப்ரெட்களில் கம்பிக்கு நேர் கீழே பள்ளம் விழுந்திருந்தது. ஃப்ரெட் மாற்ற நல்ல ஆள் நம் மாவட்டத்தில் யாரென்று எனக்குத் தெரியாது, எங்கேயாவது பெட்டி கட்டி அனுப்ப வேண்டும். விட்டுவிட்டோம். பள்ளம் இல்லாத ஒன்று கிடைத்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபிறகு கம்பியை மாற்றினோம். தொழிற்சாலையில் போட்டு வந்த கம்பி கப்பலிலும் கிடங்கிலும் கிடந்து வந்தது, அதை நம்பி சுருதி பேசக்கூடாது. ஒன்பதில் (முதல் கம்பி 0.009 அங்குலம்) ஆரம்பிக்கும் மெல்லிய செட் போட்டேன், புதியவன் விரலுக்கு அது போதும். மூன்றாவது கம்பியை முறுக்கும்போது நட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. கம்பி காடியில் சிக்கிச் சிக்கி நகர்கிறது என்று அர்த்தம். சுருதி நிற்கவில்லை என்றால் எல்லாரும் கீயைத்தான் திட்டுவார்கள், பாதி நேரம் குற்றவாளி இந்தக் காடிதான். பென்சிலைக் கூராகச் சீவி அந்தக் காடியில் தேய்த்தேன். கரித்தூள் வழுக்கும், சத்தம் நின்றது. நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை நான் தொடவில்லை. ஐப்பசி மழைக்குக் காற்றில் ஈரம் ஏறி மரம் ஊதினால் அப்போது விசிட்டிங் கார்டை எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் கால் சுற்று திருப்பலாம். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் கூடாது.

பக்கத்து வீட்டு ஆசாரி வந்து ஃப்ரெட்போர்டை, அதாவது ஃப்ரெட் பதித்த மரப்பட்டையை, தடவிப் பார்த்தார். ஈட்டியா என்று கேட்டார். கருமருது என்றேன். அவருக்கு நம்பிக்கையில்லை, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு "ஆமா, தேம்பாவுதான்" என்றார். 2017இல் ஈட்டி வகை மரங்களின் ஏற்றுமதிக்கு உலக அளவில் கட்டுப்பாடு வந்தபோது விலை குறைந்த கிட்டார்களில் பலவும் கருமருதுக்கு மாறின. பிறகு 2019இல் இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள், ஆனால் மாறினவர்கள் பலர் அப்படியே இருந்துவிட்டார்கள். கதவு நிலைக்கு நல்ல மரம் என்று ஆசாரி சர்டிபிகேட் கொடுத்தார்.

மீதிப் பணத்துக்கு வருகிறேன். 25,000இல் கிட்டார், ஒரு செட் கம்பி, பை, நல்ல கேபிள் எல்லாம் போக நாலாயிரத்துச் சொச்சம் நின்றது. ஆம்ப் விஷயத்தில்தான் மருமகனும் நானும் முட்டிக்கொண்டோம். சத்தத்தை மாற்றும் கால்மிதி பெடல் ஒன்று வாங்கி நேரே என் மைக்செட்டில் செருகிவிடலாம் என்பது அவன் திட்டம். டிஸ்டார்ஷன் பெடலை நேரே மிக்ஸரில் செருகினால் குளவிக்கூட்டைக் கலைத்த சத்தம்தான் வரும். கிட்டார் ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதையும் ஒலிக்காது, அந்தக் கூர்மையை அதுவே வடிகட்டிவிடும். என் பாக்ஸில் கூர்மையான சத்தத்துக்கென்றே ட்வீட்டர் இருக்கிறது, அது எல்லாவற்றையும் அப்படியே கக்கும். ஸ்பீக்கர் சத்தத்தைப் போலியாக உண்டாக்கும் வசதி உள்ள மல்டி எஃபெக்ட் என்றால் ஒத்துக்கொள்கிறேன், வெறும் பெடல் வேண்டாம்.

இன்னொன்றிலும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை: மூணு பின் பிளக்கின் எர்த்தை உடைக்கக் கூடாது. கிட்டார் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் குறைகிறது. ஆம்ப் ஒரு இடத்திலும் மைக் இன்னொரு இடத்திலும் கரன்ட் எடுத்து, அதில் ஒன்றுக்கு எர்த் இல்லாமல் போனால், கிட்டாரைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவன் உதடு மைக்கில் படும்போது ஷாக் அடிக்கும். கரோல் வண்டியில் ஜெனரேட்டரோடு இது சர்வசாதாரணம். சத்தம் குறைகிறது என்று எர்த் பின்னைப் பிடுங்கிப் போடும் புத்திசாலிகள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். என் மேடையில் கிட்டாரும் மைக்கும் ஒரே போர்டிலிருந்துதான் கரன்ட் எடுக்கும், எர்த் நானே டெஸ்டர் வைத்துப் பார்த்திருப்பேன்.

இப்போதைக்கு அவன் என் பழைய கீபோர்டு ஆம்பில் செருகி, சுத்தமான சத்தத்தில் வாசிக்கிறான். கீர்த்தனைகளுக்கு அது அழகாகத்தான் இருக்கிறது, அவனுக்குத்தான் திருப்தியில்லை. வளைகுடாவுக்குப் போகிறவர் யாராவது ஆம்ப் விற்கிறாரா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். 15 வாட்டுக்கு மேல் வேண்டாம். ஹெட்போன் செருகத் துளை கட்டாயம் இருக்க வேண்டும், அது அக்காவின் நிபந்தனை. அப்படி ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். ஜாக்கை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன்.